உன்னைக் கேட்காமல் நான் பிரித்த தெருக்கள்

என் ரெஜினாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை முற்றிப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "புதன்கிழமை ஊசிக்கு வந்துடுவேன்கா" என்றாய். அந்தப் புதன்கிழமை குழந்தைகளுக்கு நான் தனியாகத்தான் ஊசி போட்டேன். இப்போது உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அது நல்ல செய்திதானா என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் என் அண்ணன் நம் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். ஊரில் புதுப் பஞ்சாயத்துக் கட்டடம் எழும்பியிருக்கிறது. "அதுல ரெஜினா படத்த மாட்டலாம்னு இருக்கோம் தனம். பதினாறு வருஷம் நர்சா இருந்த பொண்ணு. காலனிக்காரங்களும் நம்ம ஜனங்கதானே?" என்றார். காலனியை 'நம்ம ஜனங்க' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தேர்தலில் நிற்கப்போகிறார் என்று ஊரே பேசுகிறது. எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

எழுந்தவர் வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "ரெஜினா எடத்துக்குப் புதுசா வந்துகீற பொண்ணு, பவானி, அதுவும் காலனிதானாமே. ரெஜினா இருந்த மாதிரியே அத அந்தப் பக்கமே வச்சிக்கோ. ஊர்த்தெருவ நீ பாத்துக்க." உன் படத்துக்குச் சுவரில் இடம் உண்டு. உன்னைப் போன்ற ஆளுக்கு வாசலில் கிடையாதாம்.

ஆனாலும் படம் கேட்டு விழுப்புரம் போனேன். உன் மகள் ஸ்டெல்லா அங்கே ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு வேளையில் அவளோடு உட்கார்ந்து, அண்ணன் மேல் எனக்கிருந்த சந்தேகத்தையெல்லாம் கொட்டினேன். அவளும் சேர்ந்து திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "பெரிம்மா, அம்மா ஊர்த்தெருவுக்கு வரக்கூடாதுன்னு யாரு சொன்னது?" என்றாள்.

"ஊர்க்காரங்கதான்."

"யாரு? பேரு சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை, ரெஜினா. நீ வேலைக்கு வந்த முதல் வாரம், ஊர்த்தெருக் கடைசி வீட்டுக் கிழவி "எந்தத் தெருப் பொண்ணு நீ?" என்று கேட்டாள். நடந்தது அவ்வளவுதான். மறுநாள் காலையே நான் தெருக்களைப் பிரித்துவிட்டேன்: காலனி உனக்கு, ஊர்த்தெரு எனக்கு. "உனக்கு எதுக்கு அவமானம்?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே "சரிக்கா" என்றாய்.

"அவங்க தடுத்திருப்பாங்க ஸ்டெல்லா," என்றேன்.

"தடுத்திருப்பாங்க. அம்மாவும் அதான் சொல்லுவாங்க. 'தடுக்கட்டும், ஒரு கை பாத்துக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அக்கா முந்திக்கினாங்க'ன்னு." படத்தை அவள் தரவில்லை.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. பதினாறு வருடத்தையும் அங்கேயே உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். மழையில் காலனிச் சேற்றை மிதித்தவள் நீ. சிறந்த செவிலியர் என்ற சான்றிதழில் இருப்பது என் பெயர். உன்னை அவமானத்திலிருந்து காப்பாற்றினேனா, இல்லை என் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பதிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா? அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம், ரெஜினா?

மறுநாள் பவானியைக் கூப்பிட்டு, "இனிமே நீ ஊர்த்தெருவுக்குப் போ, நான் காலனியப் பாத்துக்கறேன்," என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"எதுக்கு மேடம் திடீர்னு? நீங்க பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். யாராவது மனு எழுதிப் போட்டா என் வேலதான் போவும். என்ன வச்சி டெஸ்ட் பண்ணிப் பாக்கறீங்களா?"

மறுபடியும் கேட்காமலே முடிவு செய்திருந்தேன். "சரி, நீ என்ன சொல்ற?" என்று அப்புறம்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பேரும் போலாம். கொழந்தைய நான் பாக்கறேன், நீங்க ரிஜிஸ்டர் எழுதுங்க. மொதல்ல உங்க அண்ணன் வூட்டுக்கே போலாம்."

அண்ணன் மகள் கவிதா தலைப்பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருந்தாள். குழந்தைக்கு அன்று ஏழாம் நாள், எடை பார்க்க வேண்டும். நாங்கள் போய் நின்றதும் அண்ணி பவானியைப் பார்த்தாள், பிறகு என்னை. "நீ மட்டும் உள்ள வாயேன் தனம். கொழந்த தூங்குது."

"இன்னிக்கி பவானிதான் பாக்கப்போறா, அண்ணி. நான் எழுதத்தான் வந்தேன்."

அண்ணன் எழுந்து வந்தார். "என்னா தனம், பேஜாரு பண்ணிக்கினு இருக்க? அதான் படத்தையே மாட்டறேன்னுட்டேனே. இன்னும் என்னா வேணும்?" அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நகரவில்லை. பவானியும் நகரவில்லை.

கவிதாவே குழந்தையோடு வெளியே வந்தாள். "சிஸ்டர், தொப்புள் ஈரமாவே கீது. கொஞ்சம் பாருங்களேன்," என்று பவானியின் கையில் கொடுத்தாள். பவானி தொப்புளைத் துடைத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் தராசை மாட்டி எடை பார்த்தாள். "பயப்பட ஒண்ணும் இல்ல. தொப்புள் விழுற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க, துணியால தொடச்சா போதும்." நான் எழுதிக்கொண்டேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அண்ணி வேலைக்காரப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது: "கொழந்தையக் குளிப்பாட்டணும், ஜல்தியா வெந்நீர் போடு." இப்போதுதானே தண்ணீர் வேண்டாம் என்று சொன்னோம்? எதைக் கழுவ அந்தத் தண்ணீர்?

பவானிக்கும் கேட்டிருந்தது. "அடுத்த தபா உள்ளதான் எட பாப்பேன் மேடம். இங்க காத்துல தராசு ஆடுது," என்றாள்.

பதினாலாம் நாள் கவிதா கதவைத் திறந்து, "உள்ள வாங்க சிஸ்டர்," என்றாள். பவானி கூடத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி அடுப்படியை விட்டு வரவேயில்லை. கவிதா சீக்கிரமே புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறமும் அந்தக் கதவு திறக்குமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மற்ற வீடுகளில் மூன்று வீட்டார் பேசாமல் வழிவிட்டார்கள். இரண்டு வீட்டில் குழந்தை ஊரில் இல்லை என்றார்கள். உள்ளே அது அழுதது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. உன் படத்தைப் பற்றி அண்ணன் அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது எல்லாத் தெருவுக்கும் நானும் பவானியும் மாதாமாதம் மாறி மாறிப் போகிறோம். அந்தப் பட்டியலைப் போட்டவள் பவானி. பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்றும் அவளைக் கேட்டே முடிவு செய்தேன். உனக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்: கதவை மூடுகிறவர்கள் மூடட்டும், நான் முந்திக்கொண்டு போய் மூட மாட்டேன். மூடினவர் பெயரை மேலதிகாரிக்கு எழுதுவேன், அது என் அண்ணனாக இருந்தாலும். அடியில் என் கையெழுத்துத்தான் இருக்கும், பவானியுடையது இருக்காது.

நீ இன்னும் அப்படிக் கூப்பிடுவாயானால்,
உன் அக்கா,
தனலட்சுமி