மஞ்சள் கழுவிய மூன்று நாள்

ஆனி 10, செவ்வாய்

இன்று காலை பாக்கியம் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். குடம் உடைந்தது. நெற்றியில் சிராய்ப்பு, இடது முழங்கையில் வீக்கம். மற்றபடி ஆளுக்குச் சேதமில்லை.

கடல் காற்று இன்னும் இறங்கவில்லை. மேற்கிலிருந்து அனல். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த என் அக்கா, "வெயில்தான், வேற ஒண்ணுமில்ல"னு சொன்னாள். நானும் அப்படியே எண்ணிக்கொண்டேன். மோர் கொடுத்து உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் எழுந்து அடுப்புக்குப் போய்விட்டாள்.

"கொஞ்சம் படுத்துக்கயேன்டி."

"படுத்தா கொழம்பு இன்னா தானா கொதிக்குமா?"

பெண்டாட்டியின் வாய்க்கு மட்டும் மயக்கம் வருவதில்லை.

மதியம் கிடங்கு. நெசவுக்காரர் கொண்டுவந்த கட்டம் போட்ட துணி இரண்டு மூட்டை. சிவப்பு மங்கல். சாயவேரில் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பினேன். கோட்டையில் உலாந்தா வெள்ளைக்காரன் இதை வாங்கமாட்டான், நானும் வாங்கமாட்டேன்.

வாங்க: புதுக்குடம். விளக்கெண்ணெய். மகள் சின்னிக்கு வளையல்.

ஆனி 11, புதன்

அதே வெயில். பானையில் பச்சரிசி குறைகிறது. நேற்றில்லை, ஒரு மாதமாகவே. இன்று பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்: பானைப் பக்கத்தில் சின்னி, தரையில் சிந்திய அரிசி. கன்னத்தில் ஒன்று வைத்தேன். எட்டு வயதுப் பெண்.

"நான் இல்ல நைனா."

"பின்ன எலியா?"

அம்மாவைப் பார்த்தாள். பாக்கியம் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைக்குப் போனேன். அங்கே பேச்சை மொழிபெயர்க்கும் துபாசியிடம் பாக்கியம் விழுந்ததைச் சொன்னேன். "கோட்டை வைத்தியர் கிட்ட கேட்டுச் சொல்றேன். கையில கீறி ரெண்டு கிண்ணம் கெட்ட ரத்தம் எடுத்தா தலைசுத்து நின்னு பூடும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்தேன்.

கூடவே இன்னொன்றும் சொன்னார்: "உங்க வீட்டம்மா இப்ப நல்லா நெறம் ஏறிக்கினாங்களே." ஊரே இதைச் சொல்கிறது. மாசி வரை பாக்கியம் மாநிறம். இப்போது உலாந்தாக்காரர் வீட்டுப் பெண்ணைப்போல. நானே நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுச் சோறு, என் வீட்டு நிழல் என்று. இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்.

மாலை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு நாய்க்குட்டிக்கு வாங்குவதுபோல வாங்கியது. "காத்து வாங்கறேன்" என்றாள். காற்றே இல்லை.

தோணிரேவு மருத்துவச்சி எல்லம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஆனி 13, வெள்ளி

எல்லம்மா வந்தாள். சின்னியைப் பிறக்கவைத்த கை அவளுடையது. தோணிரேவிலிருந்து ஏரியில் தானே தோணி தள்ளி வந்தாள், இடுப்பில் மீன் கூடையோடு. மருத்துவம் கேட்டவர் வீட்டுக்கு மீன் விற்காமல் போகமாட்டாள். தொழில் தெரிந்தவள்.

வெள்ளிக்கிழமை. பாக்கியம் தலை முழுகி, முகம் கை கால் எல்லாம் மஞ்சள், கண்ணில் மை, வாயில் வெற்றிலை, நகத்தில் மருதாணி. எல்லம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, தேர் மாதிரி ஜோடிச்சிக்கினு நிக்கற. உள்ள கீற ஆள நான் எங்கன்னு தேடறது?"

"வெள்ளிக்கெழமை ஆத்தா."

"இருக்கட்டும். மூணு நாளு மஞ்சா வேணாம், மை வேணாம், வெத்தல வேணாம். அப்புறம் வெயில்ல நிறுத்திப் பாக்கறேன். இப்ப பாத்தா மஞ்சாதான் தெரியும்."

பாக்கியம் பின்வாங்கினாள். "புருசன் உசுரோட கீறப்ப மஞ்சா பூசாம இருக்கறதா? அவருக்கு ஆவாது. போ ஆத்தா."

எல்லம்மாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய்ப் பதினைந்து வருடம். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் நாளு தவறாம பூசிக்கினு இருந்தேன். அப்பதான் அந்தாளு பூட்டான்."

பிறகு அவளே சிரித்தாள். "மீன் வேணுமா வேணாமா?"

வாங்கினேன். கொடுவா இரண்டு. வாங்கும்போது வழக்கம்போலச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். எல்லம்மா என் கையையே பார்த்தாள். "மீனுக்குப் பாக்கத் தெரியுது செட்டியாருக்கு" என்றாள்.

நான் செட்டியில்லை. கருவாட்டுக் கூடை சுமந்து வந்தவன். இரண்டு கிடங்கு வந்ததும் ஊர் என்னைச் செட்டியாராக்கிவிட்டது.

பிற்பகல் முழுக்கப் பாக்கியத்தோடு சண்டை. தோற்றேன்.

ஆனி 14, சனி

காலையில் கொஞ்சம் கடல் காற்று. கிடங்கில் புது நெசவுக்காரன் ஒருவன். துணி விறைப்பாக, பளபளவென்று. ஒரு முனையைத் தண்ணீரில் அலசு என்றேன். கஞ்சி போனதும் துணி சல்லடை. கஞ்சி போட்ட துணியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நான் பிழைத்ததே அதனால்தான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கிடங்கை அப்படியே விட்டு அந்த ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தேன்.

"இதப் பாரு பாக்கியம். கஞ்சியோட இத வாங்கியிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்?"

"நான் துணியா?"

"துணியா இருந்தா இந்நேரம் அலசிப் பாத்திருப்பேன். பொண்டாட்டியா போயிட்ட."

சிரிப்பை அடக்கினாள். பிறகு, "எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும். உங்களுக்கு ஒண்ணு ஆவக்கூடாது."

"நீ பூட்டா எனக்கு இன்னா மிச்சம்?"

"அக்கா இன்னொருத்திய பாத்து வச்சிருப்பாங்க. செவப்பா."

"சாயம் போகாதவளா பாக்கச் சொல்லு."

இடுப்பில் கிள்ளினாள். அதிலும் வலுவில்லை. முன்பெல்லாம் அவள் கிள்ளினால் இரண்டு நாள் நீலம் நிற்கும்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். முகத்துக்குப் பூசுகிற மஞ்சளையும் சேர்த்துத் தாலிக்கயிற்றுக்குப் பூசுவாள், காலையும் மாலையும். அப்படியானால் எனக்குக் குறையில்லையாம். மூன்று நாள், அடுத்த வெள்ளிக்குள் முடியவேண்டும். ஒப்புக்கொண்டேன்.

மாலை முகம் கழுவி வந்து எதிரில் நின்றாள்.

எழுத முடியவில்லை. உதட்டுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு. நிறம் ஏறவில்லை, இரத்தம் இறங்கியிருக்கிறது. கட்டத் துணியில் சிவப்பு மங்கினால் பத்து முழம் தள்ளியே கண்டுபிடிக்கிறவன் நான்.

ஆனி 15, ஞாயிறு

அக்கா வந்து பார்த்துவிட்டாள். தெருவுக்கே கேட்கும்படி: "டேய், நீ குத்துக்கல்லாட்டம் உசுரோட கீற. இவ இன்னாடா இந்தக் கோலத்துல?"

"உசுரோடதான் கீறேன். வேணும்னா கிள்ளிப் பாரு."

கிள்ளினாள். அக்காவுக்கு வலு இருக்கிறது.

முற்றத்தில் வெயில் விழும் இடமெல்லாம் அக்கா வீட்டு மாடியிலிருந்து தெரியும். நாளைக்குப் பாக்கியத்தை அங்கே நிறுத்தினால் தெரு கூடிவிடும். பாக்கியம் உள்ளறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். எல்லம்மாவுக்கோ வெயில் வேண்டும்.

யாரும் எட்டிப் பார்க்காத வெயில் இந்த ஊரில் ஏரி நடுவில்தான் இருக்கிறது. தோணியோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

இன்று வெற்றிலை இல்லாததால் பாக்கியம் நாள் முழுக்கச் சிடுசிடு. நானும் போடவில்லை. அவளுக்கு அது தெரிந்ததும் எனக்கு மட்டும் இரண்டாவது முறை மீன் வைத்தாள். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று இன்றுதான் கவனித்தேன். எல்லோரும் முடித்தபின், சட்டி ஓரத்துக் குழம்பும் சோறும். மீன் இல்லை. எத்தனை வருடமாக இப்படி? கேட்டேன். "எனக்கு மீன் புடிக்காது" என்றாள். பொய். கல்யாணமான புதிதில் மடவை மீன் தலைக்கு என்னோடு சண்டை போட்டவள்.

ஆனி 16, திங்கள்

வெயில் ஏறுமுன் கிளம்பினோம். தோணியில் எல்லம்மா, பாக்கியம், சின்னி, நான். பாக்கியம் முக்காடு போட்டு மூட்டையாக உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் முழங்கால் ஆழம்தான் பல இடத்தில். இறால் பிடிக்கிறவன் ஒருவன் தூரத்திலிருந்து கத்தினான்: "இன்னா செட்டியாரே, குடும்பத்தோட வலை போடவா?"

"உன்ன மாதிரி இல்ல, மீன் கெடைக்கற எடத்துக்குப் போறோம்" என்று எல்லம்மாவே பதில் கொடுத்தாள்.

ஏரி நடுவில் கோலை ஊன்றி நிறுத்தினாள். முதலில் சின்னி. கீழ் இமையை விரலால் இறக்கிக் காட்டினாள். "பாரு. இப்ப புடிச்ச மீனோட செவுளு." சிவப்பு, நல்ல சிவப்பு. பிறகு என் கண். சரிதான் என்றாள். பிறகு பாக்கியத்தின் முக்காட்டை விலக்கி இமையை இறக்கினாள்.

வெள்ளை. ஓரத்தில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு நூல்.

"இந்த மீன நீ வாங்குவியா?" என்று என்னைக் கேட்டாள்.

நாக்கை நீட்டச்சொன்னாள். வழவழவென்று, வெளுப்பாக. பிறகு கட்டைவிரல். மருதாணி இருக்கிறதே என்றேன். "நெறத்த மறைக்கும். வளைஞ்சத மறைக்குமா?" கோலிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு துளி என் நகத்தில் விட்டாள். உருண்டு போய்விட்டது. பாக்கியத்தின் நகத்தில் விட்டாள். நின்றது. கரண்டிக் குழியில் நிற்பதுபோல, தோணி ஆடியும் விழாமல் நின்றது. நாங்கள் நாலு பேரும் அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மண்ணு தின்றியா? சாம்பலு? பச்சரிசி?"

பாக்கியம் தலையைக் குனிந்தாள். சின்னி முந்திக்கொண்டாள்: "அம்மா அரிசி துன்னும். ஒடஞ்ச கொடத்து ஓட்டுச் சில்லையும் துன்னும். யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சு."

என் கை எரிந்தது. அன்று அவளை அடித்த கை. பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். "வளையலு ரெண்டு ஜோடி வேணும் நைனா" என்றாள். என் மகள்தான்.

பிறகு எல்லம்மா என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தோணி சின்னது, காது என்ன செய்யும். போன வருடம் கரு கலைந்ததிலிருந்து மாதாமாதம் எட்டு நாள், ஒன்பது நாள் போகிறதாம். "இதெல்லாம் ஆம்பள கிட்ட எப்படிச் சொல்றது" என்றாள் பாக்கியம். பிறகு மெதுவாக, "ஒரு ஆம்பளப் புள்ள பெத்துட்டேன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

எல்லம்மாவின் குரல் மாறியது. "இந்த ரத்தத்தோட இன்னொரு புள்ளைக்குப் போனியானா, புள்ளைய நான் தூக்குவேன். உன்ன தூக்க நாலு பேரு வரணும்."

நான் திரும்பிவிட்டேன். கோட்டையில் இரத்தம் எடுக்கிற பேச்சைச் சொன்னேன். கோலை ஓங்கினாள். "இல்லாத வூட்ல திருட அனுப்பறியா?"

சோகை. பெயர் அதுதான். கொடுக்கவேண்டியது, நினைவுக்கு:

பொன்னேரி வைத்தியர் இரும்பில் செய்யும் அயச்செந்தூரம், தேனில், ஒரு மண்டலம். மலம் கருப்பாகப் போகும், பயப்படக்கூடாது.
ஆட்டு மண்ணீரலான சுவரொட்டி, ஈரல், முறை வைத்து.
முருங்கைக்கீரை. நெல்லிக்காய். மரக்கலக்காரரிடம் பேரீச்சம்பழம்.
அரிசிப் பானைக்குப் பூட்டு. சாவி சின்னியிடம்.

திரும்பும்போது பாக்கியம் முக்காடு போடவில்லை. காற்று முகத்தில் பட்டது. வெளிறிய முகம்தான். எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்போல இருந்தது. "இன்னா பாக்கறீங்க?" என்றாள். "சரக்கு" என்றேன்.

ஆனி 17, செவ்வாய்

கடல் காற்று நன்றாக இறங்கிவிட்டது. பொன்னேரிக்கு ஆள் போயிருக்கிறது. அக்காவிடம் எல்லாம் சொன்னேன். மதியம் முருங்கைக்கீரை ஒரு கட்டு சுவர்மேல் வந்து விழுந்தது. கூடவே குரல்: "அவள துன்னச் சொல்லு. நீ துன்னாத."

எல்லம்மா காசு வாங்கமாட்டேன் என்றாள். சேலை ஒன்று கேட்டாள். சாயவேர்ச் சிவப்பு, அலசினாலும் போகாதது. "நான் கட்டிக்கினா ஊரு இன்னா சொல்லும்னு பாக்கலாம்." கிடங்கில் இருப்பதில் நல்லதை எடுத்து, நானே அலசிப் பார்த்துக் கொடுத்தேன்.

பிறகு பாக்கியத்தோடு பேச்சு. கோட்டையில் உலாந்தாக்காரனோடு பேசும்போதுகூட எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை. அவள் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என்னை முடித்துவிட்டாள்.

முடிவானது: சாப்பாடு என்னோடு, ஒரே நேரத்தில், மீன் தலை அவளுக்கு. மஞ்சள் வெள்ளிக்கிழமை மட்டும், தாலிக்கயிற்றுக்குத் தினமும். அமாவாசைக்கு அமாவாசை முகம் கழுவி, ஏரி நடுவில் எல்லம்மாவிடம் கண்ணைக் காட்டவேண்டும். அவள் இமை சின்னியின் இமைபோலச் சிவக்கும்வரை என் பாய் கிடங்கில். மழை பெய்தால் கிடங்கு ஒழுகும், அன்று மட்டும் வீட்டுக்குள் வரலாம். சின்னி நடுவில் படுப்பாள்.