கனமாக இருந்த ட்யூப்லைட்

தெருவில் இறங்கினால் என் தோளில் கை போடாமல் நடக்கத் தெரியாத ஆறுமுகம் அண்ணனுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இன்றைக்கு எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். நெற்றியில் ஏழு தையலோடு வெள்ளகோவிலில் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மண்டையை உடைத்தது அண்ணிதான். காரணத்தைச் சொல்கிறேன். உனக்கு மட்டும் சொன்னால் போதாது, ஊரும் படிக்கட்டும்.

என் தொழில் உனக்குத் தெரியும். உக்கடத்தில் அறை எடுத்துத் தங்கி, கோயமுத்தூர் பூராவும் பழைய ட்யூப்லைட்டுச் சட்டங்களை எல்.இ.டி.க்கு மாற்றிக் கொடுப்பவன். சோக்கைப் பிடுங்கு, ஸ்டார்ட்டரைத் தூக்கு, ஒயரை நேராக இழு, புது ட்யூபை மாட்டு. கழற்றிய பழையதெல்லாம் உனக்குத்தான் வரும். கோயில் நோம்பி, திருவிழாக்களில் நீ சட்டையைக் கழற்றிப் போட்டு நெஞ்சைக் காட்டி நிற்பாய். அண்ணியின் தம்பி கதிர்வேல் ட்யூபை ஓங்கி அதில் அடிப்பான். பட்டென்று வெடித்து வெள்ளைத்தூள் பறக்கும். பொம்பளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்ப்பார்கள். உனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. மறுநாள் அண்ணி ஊசியால் சில்லு எடுக்கும்போது மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரிக் கத்துவாய்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு முன்னால் போன் செய்தாய். எங்கு பார்த்தாலும் எல்.இ.டி. வந்துவிட்டது, உடைக்க ட்யூப் கிடைக்கவில்லை, எப்படியாவது தேற்றிக் கொடு என்றாய். நான் வேலை செய்த நூல் மில்லில் ஒரு மூலையில் பழையது குவிந்து கிடந்தது. அதில் சிலது கெட்டுப்போன கண்ணாடி எல்.இ.டி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எரிந்து ஓய்ந்த பழைய ட்யூபுக்கு இரண்டு முனையும் கறுத்திருக்கும். எல்.இ.டி.க்குக் கறுக்காது, அதன் உள்ளே முழு நீளத்துக்கும் ஒரு அலுமினியத் தகடு ஓடும். இது தெரியாதவன் எலக்ட்ரீசியனே இல்லை. எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கச் சோம்பல். அப்படியே சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன்.

நோம்பியன்று சாயங்காலம் நடந்தது உனக்கு எவ்வளவு தெரியும்? முதல் நாலு ட்யூப் நன்றாக வெடித்தது. ஐந்தாவதில் வெடிச்சத்தம் இல்லை, தூளும் இல்லை. கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருந்த தகடு வளைந்து உன் கழுத்தில் இறங்கியது. ரத்தம் கதிர்வேலின் முகத்தில் அடித்தது. நீ வேட்டி அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாய். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாய். உனக்கு அப்போதே புரிந்துவிட்டதா அண்ணா?

ஆஸ்பத்திரியில் உன் உயிர் போய்விட்டது என்று சொன்னதும் தகட்டுப் பேச்சு கிளம்பியது. ட்யூபுக்குள் தகடு எப்படி வரும்? கதிர்வேல்தான் சொருகி வைத்திருக்கிறான், போன வாரம் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை, அந்தக் கறுவு என்றார் நம் சித்தப்பா. ஊரில் யார் கண்ணாடி எல்.இ.டி.யை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்? அங்கே நின்றவர்களில் அது என்ன தகடு என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். முதல் அடி அடித்ததும் நான்தான்.

சட்டையைப் பிடித்து அவன் தலையைச் சுவரில் மோதினேன். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"ட்யூப்பு கனமா இருந்துச்சுங்க மச்சான்" என்றான்.

ட்யூபைக் கொண்டுவந்த என்னிடம் அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாயிலேயே குத்தினேன். உடைந்த பல் என் விரலில் ஏறியது. காதோடு சேர்த்து அறைந்தேன், விழுந்தவனை மிதித்தேன். அதற்குள் சொந்தம் மொத்தமும் அவன் மேல் பாய்ந்தது. கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த வெறி என்று சொல்லி என்னைத்தான் தேற்றினார்கள். எனக்கு இருந்தது பயம் அண்ணா. வெறும் பயம்.

போலீஸ் விபத்து என்று முடித்தது. சொந்தம் முடிக்கவில்லை. உன் காரியத்தன்று வந்த தன் தம்பியை அண்ணி வெளியிலேயே நிறுத்தித் துரத்திவிட்டார். அவன் கொடுமுடியில் ஒரு ஓட்டலில் மாவரைக்கிறான். இடது காது கேட்பதில்லை, அது என் அறைதான். நானோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, மாதாமாதம் அண்ணியைப் பார்க்க வந்து, நல்ல கொழுந்தன் என்று பெயரும் வாங்கினேன். வெட்கங்கெட்டவன்.

நேற்று மத்தியானம் வந்தபோது, கூடத்து ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது, இதையும் எல்.இ.டி.க்கு மாற்றிவிடுங்கள் தம்பி என்றார் அண்ணி. கடையில் கண்ணாடி ரகம்தான் இருந்தது. மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். சோக்கைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன், ஒயரை நேராகச் சேர்த்தேன். புது ட்யூபைக் கேட்டுக் கையை நீட்டினேன். வரவில்லை. அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள நீட்டமா ஒரு தகடு தெரியுதுங்களே தம்பி?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நாலு வருஷம் பழகிய வாய்தானே. வரவில்லை. ஸ்டூலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சாக்கு கட்டியதிலிருந்து கதிர்வேலின் பல்லை உடைத்தது வரை.

அண்ணி ட்யூபைப் பதனமாகக் கட்டிலில் வைத்தார். அங்கே கிடந்த சோக்கை எடுத்து என் முகத்தில் வீசினார். இரும்புக்கட்டி, நெற்றியைப் பிளந்தது. விழுந்தேன். ஸ்டூலைத் தூக்கி முதுகில் போட்டார், மறுபடியும் போட்டார். அதன் கால் முறியும் வரை நிறுத்தவில்லை. நான் நகரவில்லை.

பிறகு மூச்சிரைக்கப் போனை எடுத்துக் கதிர்வேலை அழைத்தார். நாலு வருஷத்தில் முதல் முறை. அவன் அக்கா என்றதும் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"கேக்கற காதுல வெக்கச் சொல்லிப்போட்டு, நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். மாவு எந்திரம் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அன்னைக்கே தெரியுமுங்களா மச்சான்?"

தெரியும் என்றேன்.

"நாளைக்கு வாரேனுங்க" என்று வைத்துவிட்டான்.

இப்போது மணி பத்து. அவன் பஸ் ஏறியிருப்பான். அண்ணி அவனுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்குகிறார். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, நியாயம்தான். கையில் என்ன கொண்டு வருவான் என்று எனக்குத் தெரியாது. எதைக் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்வேன். அடி வாங்குவது சுலபம் அண்ணா.

சித்தப்பாவையும் அன்றைக்குக் கை வைத்த அத்தனை பேரையும் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கதிர்வேலிடம் கொடுத்து, அவர்கள் முன்னால் அவனையே சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அன்று நான் குத்தி அடைத்த வாய் அது. ஒரு வரி விடாமல் அவன் படித்து முடிக்கும் வரை தலை குனியாமல் நிற்பேன். உன் மேல் சத்தியம்.

உன்னைக் கொன்ற கையால் எழுதும்,
உன் கூடப்பிறந்த தம்பி
சிவக்குமார்