நாங்கள் ஏழு பேரும் பதினேழு நாளும்

ஜனவரி 18, 2025 – சனி

வரவேற்பறை முழுவதும் நாங்கள் வாடகைக்குக் கொடுக்கிற மணவறையின் தூண்கள். நாளைக்கு ஹரோவில் கலியாணம். தங்கப்பூச்சு உரிந்த இடங்களை இவர் தூரிகையால் தொட்டுக்கொண்டிருக்கும்போது நிரூபனிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் அவன். பள்ளிக்கு நூறு வயதாம். மே மாதம் விழா, ஒரு நினைவு மலரும் வருகிறது.

“அன்ரி, அந்தக் காலத்துச் சந்தோசமான நினைவுகளா ஒரு பக்கம் எழுதித் தாங்கோ.”

பார்ப்பம் என்றேன். நாலு வயதில் இங்கே வந்த பிள்ளை. என்னிடம் இருக்கிற பக்கம் எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வைக்கும்போது இன்னொன்று சொன்னான். கமலாம்பிகை அன்ரியும் எழுதுகிறாவாம், வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறாவாம், என்னுடைய வகுப்புத்தானாம்.

கமலாம்பிகை. இதே லண்டனில். இத்தனை வருடமாக.

ஜனவரி 19

இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா கள்ளிறக்கினவர். எங்கள் ஆட்கள் குடியிருந்த குறிச்சிப் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில்லை. வேலிக்கு வெளியே நின்று அவர்கள் தேவாரம் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். 1968இல் அப்பாவும் இன்னும் சிலரும் பெட்டிசம் எழுதி, கொழும்பு வரை போய், கடைசியில் கல்விக் கந்தோர் அதிகாரியும் இரண்டு பொலிசும் கூட வர, எங்களில் ஏழு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. என் அண்ணை தவம் எட்டாம் வகுப்பு.

அடுத்த நாள் போனால் பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு பிள்ளையும் இல்லை. ஊரே பிள்ளைகளை மறித்துவிட்டது. வாத்திமார் வந்து கையெழுத்து வைத்துவிட்டுக் கந்தோருக்குள் இருந்து பேப்பர் படித்தார்கள்.

எல்லாரும் இதைத் துன்பக் கதையாகத்தான் கேட்பார்கள். ஆனால் – இதை எப்படி மலரில் எழுதுவது? – என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. ஏழு பேருக்கு ஒரு முழுப் பள்ளிக்கூடம்! காலையில் அண்ணைதான் மணி அடிப்பான். ஒரு நாள் ஆறாம் வகுப்பில் இருப்பேன், அடுத்த நாள் பத்தாம் வகுப்பில். அதுவரை குறிச்சியின் ஓலைக் கொட்டிலில் நிலத்தில் இருந்து படித்த எனக்கு மேசையில் கை வைத்துக்கொண்டு இருப்பதே போதும். மன்னாரிலிருந்து வந்த செபமாலைமுத்து மாஸ்டர் மட்டும் நூலகப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். “கிழிக்காதேங்கோ” என்றார். எண்ணெய்ச் சிக்குப் பிடித்த அந்தப் புத்தக அட்டைகளின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

பதினேழு நாள். பதினெட்டாம் நாள் கமலாம்பிகை தனியே நடந்து வந்தாள். பெரிய வீட்டுப் பிள்ளை. மறியலை நடத்தியதே அவளின் தகப்பன். வந்தவள் நான் இருந்த நீள வாங்கின் மறு நுனியில் இருந்தாள். அடுத்த நாள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் எங்களிடமிருந்து எட்டி இருந்தார்கள். அவள் அந்த வருடம் முழுக்க என் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு கொழும்புக்குப் போய்விட்டாள்.

தகப்பனை எதிர்த்து வந்தவள் என்று ஐம்பத்தேழு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25

எழுத இருந்தேன். கறி அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

பெப்ரவரி 2

அந்தப் பதினேழு நாளை மலருக்கு எழுத நினைப்பதை இவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

“எங்களைக் கூப்பிடுற ஆக்கள் ஆரெண்டு உனக்குத் தெரியும்தானே. பேரோடை அதைப் போட்டால், எங்கடை மணவறையிலை பிள்ளையை ஏத்த யோசிப்பினம்.”

அவர் சொல்வது சரி. ஜேர்மனியில் உணவகக் கோப்பை கழுவி, பிறகு இங்கே வந்து வாடகை வான் வண்டியில் தொடங்கிய தொழில். எனக்கும் பயம்தான். ஆனால் எழுதுவதென்றால் அதைத்தான் எழுதலாம். வேறு என்ன எழுத? விளையாட்டுப் போட்டியையா?

பெப்ரவரி 7 – வெள்ளி

எலிசபெத் லைன் ரயிலில் வெஸ்ட் ஈலிங்குக்குப் போய்விட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கமலாம்பிகை வருவாள் என்று நிரூபன் சொன்ன கோயிலில் பூசை முடியும்வரை காத்திருந்தேன். வெள்ளைத் தலை, குளிருக்குச் சேலைக்கு மேல் பெரிய கோட். நடையில்தான் அடையாளம் பிடித்தேன், ஒரு தோளைக் கொஞ்சம் சரித்த அதே நடை. பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். அவளின் துணிச்சலைப் பற்றி, எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னேன். குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் துணிஞ்சு வரேல்லை, செல்வமலர். எங்கடை ஐயாதான் அனுப்பினவர். அங்கை என்னத்தை உடைக்கினம், என்னத்தைக் களவெடுக்கினம் எண்டு பாத்துக்கொண்டு வரச் சொல்லி.”

உளவு பார்க்கவா? அதற்கா நான் இவ்வளவு காலம்...

“போய்ச் சொன்னன், அதுகள் எங்களை விட ரெண்டு பாடம் முந்திப் போயிட்டுதுகள், சோதனையிலை –” நிறுத்தினாள். அந்த ‘அதுகள்’ அவளுக்கும் கேட்டுவிட்டது. “நீங்கள்,” என்று திருத்தினாள். “நீங்கள் சோதனையிலை முதலாம் ஆளா வரப்போறியள் எண்டு சொன்னன். உடனை எங்கடை வீட்டு முத்தத்திலை கூட்டம். விடிய எல்லாரையும் தாய்தேப்பனே கொண்டுவந்து விட்டினம்.”

இரண்டு பாடமா! நாங்கள் பாதி நேரம் மேசைக்கு மேசை பாய்ந்துகொண்டிருந்தோம். கரும்பலகை நிறைய அண்ணை அட்சரகணிதம் எழுதி வைத்திருந்தான். புத்தகத்தைப் பார்த்து எழுதியது, ஒன்றும் விளங்காமலே. அதைச் சொன்னேன். அவளுக்குத் தெரியுமாம். வீட்டில் வெங்காயம் உரித்து அலுத்துப்போய், எல்லாரும் பள்ளிக்கூடம் போகட்டும் என்று இல்லாததையும் கூட்டித்தான் சொன்னாளாம்.

கண்ணீர் வரச் சிரித்தோம். கடைக்காரப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு கேட்டேன்: அப்படியென்றால் வருடம் முழுக்க ஏன் என் பக்கத்தில் இருந்தாய்?

“அது நானாத்தான். அதை ஆரும் சொல்லித் தரேல்லை.” கொஞ்சம் யோசித்தாள். “உனக்குப் பின்னக் கணக்கு வந்தது. எனக்கு வரேல்லை.”

பெப்ரவரி 8

நித்திரை இல்லை. அண்ணை இருந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பான். எங்கள் துருவேறிக் கறள் பிடித்த மணியும், விளங்காத அட்சரகணிதமும் ஊரையே பயப்படுத்தியிருக்கின்றன.

மார்ச் 16

எழுதி அனுப்பிவிட்டேன். அப்பாவின் தொழிலையும் போட்டேன். அனுப்பிய பிறகுதான் இவருக்குச் சொன்னேன். வானுக்கு எண்ணெய் அடிக்கப் போகிறேன் என்று எழும்பிப் போனார். இரண்டு மணித்தியாலம் வரவில்லை.

மார்ச் 29

நிரூபனிடமிருந்து போன், குரல் இறங்கியிருந்தது. கமிட்டியில் இரண்டு பேர் இது இப்போது தேவையோ என்கிறார்களாம். சாதி என்ற சொல்லையாவது எடுத்துவிடட்டாம். கமலாம்பிகை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்: செல்வமலரின் பக்கத்தில் கை வைத்தால் என்னுடையதையும் போட வேண்டாம். அவள் தன் பக்கத்தில் தகப்பனைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறாளாம்.

“நான் விடமாட்டன், அன்ரி. எனக்கு இதொண்டும் தெரியாது, எங்கடை அம்மா சொன்னதேயில்லை,” என்றான்.

மே 10 – சனி

விழா. எதிரெதிர்ப் பக்கங்களில் எங்கள் இருவரின் எழுத்து. மண்டபத்தில் சிலர் என்னைக் கண்டு கதையை நிறுத்தினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து தானும் எங்கள் குறிச்சிதான் என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். இவர் உள்ளே வரவில்லை. வானுக்குள் இருந்து மலரைப் படித்திருக்கிறார்.

“மூண்டாம் பந்தியிலை ஒரு எழுத்துப் பிழை,” என்றார். அவ்வளவுதான்.

யூன் 1

ஓகஸ்ட் கலியாணம் ஒன்று வேறு ஆளைப் பிடித்துவிட்டதாம். செப்டெம்பரில் ஒன்று போனையே எடுக்கவில்லை. இவர் கலண்டரில் இரண்டு நாளையும் கோடு போட்டு வெட்டினார். என்னை ஏசியிருக்கலாம்.

யூன் 14 – சனி

மத்தியானம் சட்டன் பக்கத்திலிருந்து யாரோ மணவறை கேட்டுப் போன் பண்ணினார்கள். இவர் அளவு, பூ, விளக்கு எல்லாம் விளங்கப்படுத்தினார். பிறகு பேச்சு நின்றது. ஊரில் எவ்விடம் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு முப்பது வருடமாகப் பக்கத்து ஊரைச் சொல்லி வந்த மனிதர். கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் கை ஈரத்தோடு குசினி வாசலில் நின்றேன்.

எங்கள் ஊரைச் சொன்னார். குறிச்சியையும் சொன்னார். “ஓம், அவடந்தான்.”

அவர்கள் எங்கள் மணவறையை எடுப்பார்களோ தெரியாது. போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். சீனி போடக்கூடாது என்று டொக்டர் சொன்னது. ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.