இருபத்தைந்துக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

முப்பத்திரண்டு பெட்டிகளையும் இன்று சரிபார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரு மைக், ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு. ஊருக்கு மேற்கே கல்குவாரியில் தொடங்கி, கிழக்கே ரயில் பாலம் வரை நாற்பது கிலோமீட்டருக்கு ஒரே கோட்டில் வைக்கப் போகிறோம். ஒலியைவிட வேகமாகப் போகும் விமானம் மேலே போனால் கீழே எவ்வளவு சத்தம் விழுகிறது என்று அளப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதேதான். விமானம் செய்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். கீழே உட்கார்ந்து காது கொடுப்பவள் நான். என் அளவு வராமல் அவர்களுடைய எந்த விமானமும் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. வெளியே சொன்னால் திமிர் என்பார்கள், இங்கே எழுதிக்கொள்ளலாம்.

புது விமானத்துக்கு ஊசி மாதிரி நீள மூக்கு. அந்த மூக்கை ஒன்பது வருடம் மாற்றி மாற்றி வரைந்த எஞ்சினியருக்கு எங்கள் இடத்தில் மூக்குக்காரர் என்றே பெயர். மற்ற விமானங்களில் காற்றின் அதிர்வெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இடியாக விழும். இதில் சேர விடாமல் பிரித்து அனுப்புகிறாராம். டீ குடிக்கும்போது, "தரையில ஒன்பது பாஸ்கல்தான் வரும், அக்கா" என்றார். சத்தம் தரையில் தரும் அழுத்தத்தை பாஸ்கலில்தான் சொல்வோம். பழைய விமானங்களுக்குத் தொண்ணூறும் நூறும் வந்ததை அளந்தவளிடம் போய் ஒன்பதாம்.

"சரி சரி, பிஸ்கட் எடுத்துக்கோங்க" என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது, பாவம்.

மார்ச் 6, வியாழன்

நகர மன்றத்தில் கூட்டம். நிலத்துக்கு மேல் அந்த வேகத்தில் பறக்கத் தடை இருக்கிறது. தடையை நீக்கலாமா என்று பார்க்கும் ஆணையம் கேட்பது ஒன்றே ஒன்று: தரையில் எடுத்த அளவு. அது இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். எங்கள் பெரியவர், அதாவது திட்டத் தலைவர், அதைத் தினமும் நாலு தடவை சொல்கிறார். இந்த ஊர் மூன்று முறை பறக்க மட்டும் அனுமதி தந்திருக்கிறது.

அந்த மூன்றுக்கும் எதிராகப் பேசியவர் பள்ளித் தலைமையாசிரியை. குரலை உயர்த்தவே இல்லை.

"இருபது வருஷம் முன்னாடி உங்க விமானம் போனப்போ என் வகுப்புல கூரைப் பூச்சு உதிர்ந்துச்சு. பிள்ளைங்க பெஞ்சுக்கு அடியில போய் ஒளிஞ்சாங்க. ஒரு பொண்ணு ஒரு வாரம் வாயே திறக்கல. மூணு தடவைன்னு மன்றம் சொல்லிட்டாங்க. நாலாவது கிடையாது."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலைப்பாதையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றாறு பாஸ்கல். அவ்வளவு சுத்தமான பதிவு அதுவரை கிடைத்ததில்லை என்று குதித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் இவர் வழக்கம்போல. கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு அக்கறை உண்டாம். "நீ ஜெயிச்சா ஊர்ல ஒரு ஜன்னலும் உடையாது. என் பொழப்பு என்னாகறது?"

மார்ச் 10, திங்கள்

பெட்டிகளை வைத்தாயிற்று. இடுப்பு போயே போய்விட்டது.

பெட்டிகள் ஓயாமல் பதிவு செய்தால் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் அவற்றைத் தூங்க வைப்போம். சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் விழித்துக்கொண்டு, அதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துப் பதியும். அந்த அளவு இருபத்தைந்து பாஸ்கல். அதற்குக் கீழே வைத்தால் காற்று வீசும்போதெல்லாம் விழித்துக் கார்டைக் குப்பையால் நிரப்பிவிடும். பதினெட்டு வருடம் முன்பு நான் வைத்தது. எங்கள் ஆட்கள் அதற்கு 'அக்கா அளவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு இடங்களிலும் அதையே வைக்கிறார்களாம். கேட்டபோது காதில் தேன் பாய்ந்தது.

பெட்டிகளைப் பராமரிப்பவருக்குப் பேட்டரி என்று பட்டப்பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் எனக்கு அக்கா பட்டம்தான். "மூக்குக்காரர் ஒன்பதுன்னு சொல்றாரே, கொஞ்சம் குறைச்சு வைக்கலாமா அக்கா?" என்று இழுத்தார்.

"அவர் ஒன்பதுன்னா முப்பது வரும். இத்தனை வருஷத்துல ஒருத்தர் சொன்ன கணக்காவது தரைக்கு வந்து சேர்ந்திருக்கா? இருபத்தஞ்சே இருக்கட்டும்."

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றுகூட விழிக்கவில்லை.

முப்பத்திரண்டில் ஒன்றுகூட. குவாரியில் வேனுக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கோடு தலைக்கு மேல் போயிற்று. அது தாண்டி அரை நிமிடத்துக்கு மேல் ஆன பிறகே சத்தம் தரைக்கு வரும். காத்திருந்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வேன் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, வேறெதுவும் காதில் விழவில்லை. போனில் மூக்குக்காரர்: "எவ்வளவு அக்கா?"

மார்ச் 12, புதன்

நாற்பது கிலோமீட்டரும் நடந்தும் வண்டியிலும் போய், ஒவ்வொரு மைக்கிலும் வாய் வைத்து ஊதிப் பார்த்தோம். ஊதினால் விழிக்கிறது. முப்பத்திரண்டும் விழிக்கிறது. அப்படியென்றால் என் பெட்டிகள் மேல் குற்றமில்லை. விமானம் அந்த வேகத்தைத் தொடவே இல்லையா என்று பைலட்டிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "தொட்டுச்சு மேடம், கருவியில பதிவு இருக்கு" என்றார். கருவியை நம்புகிறாராம். நான் மட்டும் எதை நம்புகிறேனாம்?

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது முறையும் ஒன்றும் விழிக்கவில்லை.

மார்ச் 13, மாலை

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்று புழுக்கம் தாங்காமல் வேன் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். கோடு போயிற்று. கொஞ்ச நேரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ துணி அலமாரியைச் சாத்துவது போல ஒரு சத்தம். தும். உடனே இன்னொன்று. தும். காதில் வாங்கிக்கொள்ளாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. குவாரியில் ஏது பக்கத்து வீடு?

இந்த விமானங்களுக்கு எப்போதும் இரண்டு அடி. முன்பக்கத்துக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. இருபத்தாறு வருடம் கேட்டவளுக்கு அது தெரியாதா? ஆனால் இவ்வளவு மெதுவாகக் கேட்டதே இல்லையே. இருபத்தைந்துக்கு எவ்வளவோ கீழே. பெட்டிகள் அவை பாட்டுக்கு, நான் சொன்னதைச் செய்திருக்கின்றன. இதற்கெல்லாம் எழுந்திருக்காதே என்று சொல்லி வைத்தவள் நான்தானே.

மூக்குக்காரர் சொன்னது நடந்துவிட்டது. நான் நம்பாததால் அதற்குச் சாட்சி இல்லாமல் போய்விட்டது. இரண்டு முறை. சிரிக்கவா, சுவரில் முட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. அடக் கடவுளே, எவ்வளவு அழகான சத்தம் அது.

மார்ச் 14, வெள்ளி

மூக்குக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"அப்ப உங்களுக்குக் கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"அலமாரி சாத்தற மாதிரி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒன்பது வருடத்து உழைப்பில் இரண்டு வாய்ப்பைத் தின்றுவிட்டு நான் எதிரே நிற்கிறேன், அவர் சந்தோஷத்தில் அழுகிறார். ரெண்டு திட்டு திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

பெரியவருக்கு வேறு கவலை. "கருவிக் கோளாறுன்னு சொல்லிடலாம். அளவு தப்புன்னு சொன்னா ஊர்க்காரங்க சிரிப்பாங்க." கோளாறாம். என் பெட்டிகளுக்கா? தப்பு என்னுடையது, பெட்டி மேல் போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மறுபடி நகர மன்றம். எழுந்து நின்று சொன்னேன்: விமானம் இரண்டு முறை போனது, அளவு எடுக்க முடியவில்லை, காரணம் நான். எதனால் என்றும் விளக்கினேன்.

தலைமையாசிரியை கேட்டார்: "ரெண்டு நாளும் எங்களுக்கு ஒண்ணும் கேட்கல. விமானம் வரலைன்னுதான் நினைச்சோம். சத்தம் இல்லாததால பெட்டி விழிக்கலைன்னு நீங்க சொல்றீங்க. பெட்டியை அணைச்சே வச்சிருந்தீங்கன்னு நான் சொன்னா?"

நியாயமான கேள்வி. என் இடத்தில் அவர் இருந்து, நான் அவர் இடத்தில் இருந்தால் இதையே கேட்டிருப்பேன். மூன்றாவது முறை பெட்டிகளைத் தூங்க விடாமல் தொடர்ந்து ஓட விடுவேன், ஆனால் பேட்டரி இரண்டு மணி நேரம்தான், ஒவ்வொன்றையும் கடைசி நேரத்தில் கையால் போட வேண்டும், என்னிடம் இருப்பது பதினொரு பேர் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஸ்விட்சை நாங்க போடறோம். முடிஞ்சதும் கார்டையும் நாங்களே கழட்டித் தர்றோம். உங்க ஆளு ஒருத்தர்கூடப் பெட்டியைத் தொடக்கூடாது."

பெரியவர் என் காலை மிதித்தார். நான் சரி என்றேன்.

மார்ச் 19, புதன்

ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி. தபால்காரம்மா, இரண்டு தையற்காரர்கள், மருந்துக்கடைக்காரர் என்று முப்பது முப்பத்தைந்து பேர். முக்கால்வாசிப் பேர் எங்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்கள். சிவப்பு ஸ்விட்சைப் போடணும், பச்சை விளக்கு எரியுதான்னு பார்க்கணும், பத்தடி தள்ளி நிக்கணும், பேசக்கூடாது. பேசக்கூடாது என்றதும் மருந்துக்கடைக்காரர், "என் வீட்டுக்காரியை அனுப்பட்டுமா? வீட்டுல ஒரு மாசமா பேசறதில்ல" என்றார். அந்த அம்மா பின்வரிசையில்தான் இருந்தார்.

இவரும் கடையைச் சாத்திவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். தொட அனுமதி இல்லை, என் ஆள் ஆயிற்றே.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூட வாசலில் பதினேழாம் பெட்டி. ஸ்விட்சைப் போட்டவர் தலைமையாசிரியை. நான் பத்தடி தள்ளி, திரையைப் பார்த்தபடி. அவர் போய் மூன்றாம் வகுப்பு வாசலில் கதவை மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்திருந்தார், விரல் முட்டி வெளுத்திருந்தது. இருபது வருடமாக அந்தக் கூரை அவர் தலைக்கு மேலேயே நிற்கிறது போலும். தொண்ணூற்றாறு என்று குதித்த அன்றைக்கு இந்த முகத்தை நான் பார்த்திருந்தால்?

கோடு வந்தது, தாண்டியது. திரையில் ஒரு சின்ன மேடு எழுந்தது. தொடர்ந்து இன்னொன்று.

"இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றார்.

"போயாச்சு, டீச்சர்."

நம்பவில்லை. கார்டை அவரே கழற்றினார், அவரே என் லேப்டாப்பில் செருகினார். ஹெட்ஃபோனைக் கொடுத்து அந்த இடத்தை ஓட விட்டேன். பதிவில் வகுப்பறையும் கேட்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு. தும், தும். ஏழொன்பது அறுபத்து மூன்று. ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை.

திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வாய்ப்பாடு நிக்கல" என்றார்.

பதினேழாம் பெட்டியில் எட்டரை பாஸ்கல். தையற்காரர் ஒருவர் ஸ்விட்சைப் போட மறந்துவிட்டார், ஒரு பெட்டி மேல் ஆடு ஏறிவிட்டது. மற்ற முப்பதிலும் பதிவு இருக்கிறது, எதிலும் பதினொன்றைத் தாண்டவில்லை. மூக்குக்காரருக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். "நீங்க சொன்ன கணக்கு தரைக்கு வந்து சேர்ந்துடுச்சு, தம்பி" என்றும் சொன்னேன்.

நாங்கள் செய்தோம் இதை. நாங்கள். எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களையும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

அறிக்கை போயிற்று. என் தப்பை முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். பெரியவர் பின்னிணைப்புக்குத் தள்ளினார். நான் மறுபடி முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பதில் இல்லை. தினமும் மூன்று முறை மெயிலைத் திறந்து பார்க்கிறேன். "திறக்கத் திறக்க பதில் குட்டி போடுமா?" என்கிறார் இவர்.

மே 9, வெள்ளி

ஆணையத்தின் கடிதம் வந்தது. இந்த ஊருக்கு மேல் ஒரு வருடம் பறக்கலாம். அதன் பிறகு மற்ற ஊர்களைப் பற்றி முடிவெடுப்பார்களாம். பெரியவர் கடிதத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பெட்டிகளைப் பராமரிக்கும் பேட்டரி, யாரும் பார்க்காதபோது ஒரு பெட்டியைத் தட்டிக் கொடுத்தார், நான் பார்த்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஊர் சார்பாக ஒரே ஒரு நிபந்தனை. கையெழுத்து: தலைமையாசிரியை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"விமானம் வரும் தேதியையும் நேரத்தையும் ஒரு நாள் முன்னதாகப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அது போனதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வெளியே வந்து பார்க்க முடியாமல் ஏமாந்துபோகிறார்கள்."

முதல் பறப்பு பதிமூன்றாம் தேதி, செவ்வாய், காலை பத்து இருபது. கடிதத்தை நானே டைப் செய்து, கீழே கையெழுத்துப் போட்டு, நேரில் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.