அவசரம் என்ற சொல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றும் விடாமல் உள்ளபடி எழுதுகிறேன். ‘அவசரம்’ என்ற சொல்லைப் பற்றிப் போட்டிக்குக் கட்டுரை எழுதினேன். வடமொழியிலிருந்து வந்தது, அங்கே தக்க சமயம் என்று பொருள். பழனி பஸ் ஸ்டாண்டில் நான் கேட்ட தெலுங்கு அக்கா, தங்கள் மொழியில் தேவை என்றார். மலையாளத்தில் வாய்ப்பு என்று திருச்சூரிலிருந்து போனில் சொன்னது நீங்கள்தான்.

தமிழாசிரியை நம்பவில்லை. “செல்லைப் பாத்துக் காப்பியடிச்சிட்டு அப்பா சொன்னாருங்கறயா? அவரையே வரச் சொல்லு, அப்புறம் போட்டிக்கு அனுப்பறேன்.”

கௌசல்யா பின்பெஞ்சில் சிரித்தாள். “ரெண்டு தீபாவளிக்கு வராதவரு இதுக்கா வரப்போறாரு?”

எரிச்சலில், வெள்ளிக்கிழமை வருவார் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

கட்டுரை போகாவிட்டாலும் போகட்டும். பள்ளி வாசல் வரைக்குமாவது வாருங்கள்.

இதை எழுதும் நூலகத்தில் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் மகள்