யூலைப் பூசையில் வாசித்த பெயர்

மன்னார்
20.08.2024

அன்பின் அத்தானுக்கு,

மடுமாதா துணையில் நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? போனில் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மடுத் திருவிழாவில் றஜனியைக் கண்டேன். கொழும்பில், வெள்ளவத்தையில், எங்கள் பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளையாக இருந்தவள், இப்போது உங்கள் பாரிசுக்குப் பக்கத்தில் கார்ஜ் என்ற ஊரில் இருக்கிறாள். என்னைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கள் உயிரோடை இருக்கிறியளோ? ஒவ்வொரு யூலையும் லாச்சப்பல் பூசையிலை உங்கடை பேரை வாசிக்கினமே, எண்பத்திமூண்டிலை வீட்டோடை எரிஞ்சு போனவ எண்டு." நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவள் போனபின் சிரிப்பு வரவில்லை.

"பேப்பர் சரிவரட்டும், கூப்பிடுகிறேன்" என்று நாற்பது வருசம் சொன்னீர்கள். இப்போது பென்ஷன் எடுத்துவிட்டு டிசம்பரில் நத்தாருக்கு ஒரேயடியாக வருகிறேன் என்கிறீர்கள். அறைக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. அதற்கு முன் ஒன்றை மட்டும் எழுதுங்கள். அங்கே என்னை யார் சாகடித்தது?

உங்கள்
அற்புதராணி


லாச்சப்பல், பாரிஸ்
14.09.2024

அன்பின் ராணிக்கு,

உமது கடிதம் வந்து பன்னிரண்டு நாள். வேலை விட்டபின் எனக்கு வருவதெல்லாம் கரண்ட் பில்லும் விளம்பரமும்தான். உமது கையெழுத்தைக் கண்டதும் சந்தோசப்பட்டு, படியிலேயே இருந்து உடைத்தேன்.

நான்தான், ராணி.

எண்பத்திநான்கில் இங்கு வந்து கொடுத்த முதல் அகதிக் கேஸை நிராகரித்துவிட்டார்கள். அந்த வருசமே, கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனேன். "தம்பி, எல்லாற்றை வீடும்தான் எரிஞ்சது. மனுசி உள்ளுக்கை எரிஞ்சு போனா எண்டு போடுவம். வதிவிடக் காட் கிடைச்சாப் பிறகு மாத்தலாம்" என்றார். ஓம் என்றேன். காட் கிடைத்தது. பொய் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மாற்றவில்லை. செத்த மனுசியைக் கூப்பிட எந்த விண்ணப்பத்தை நிரப்புவது? பயம் போனபோது வெட்கம் வந்துவிட்டது.

விசாரணையில் மொழிபெயர்த்தவர் எங்கள் பூசைக்கு வருகிறவர். அடுத்த யூலையில், இரக்கப்பட்டு, கலவரத்தில் செத்தவர்களின் பட்டியலில் உமது பெயரைச் சேர்த்துவிட்டார். சனம் வந்து என் கையைப் பிடித்தது. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு வருசமும் போகிறேன். இங்கே உமது பெயரை யாராவது சத்தமாகச் சொல்வது அன்றைக்கு மட்டும்தான்.

தெருவெல்லாம் தமிழ்தான். ஆனாலும் எனக்கொரு பெண்சாதி இருக்கிறா என்று ஒருவரிடமும் சொல்ல வழியில்லாமல் இருந்துவிட்டேன். நத்தாருக்கு வரட்டோ?

உமது
நீக்கிலாஸ்


மன்னார்
30.10.2024

அத்தானுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. கேஸில் சொன்னதை நான் பிழை சொல்லமாட்டேன். பயந்த மனிதன் எதையும் சொல்வான். ஆனால் எனக்காவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியிருப்போம்.

கொழும்பு எரிந்த அன்று கடைக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. அகதி முகாமில் எல்லோரும் உங்களைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். சிஸ்டர் வந்து, "அவரின்ரை ஆத்துமத்துக்காகச் செபிப்பம், பிள்ளை" என்றா. நான் முழங்காலில் இருக்க மறுத்துவிட்டேன். அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன இரண்டு கப்பலையும் விட்டுவிட்டு முகாம் வாசலில் நின்றேன். ஒன்பதாம் நாள் தலையில் கட்டோடு வந்தீர்கள். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது.

வரட்டோ என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

நேற்று குடிசனக் கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு வந்தார்கள். கலியாணம் செய்தவரோ என்று கேட்டால், "ஓம், அவர் பிரான்ஸிலை" என்பதுதான் என் வழக்கம். நேற்று கொஞ்சம் யோசித்துவிட்டு, விதவை என்று பதியச் சொன்னேன். வந்தவர் நல்ல மனிதர். பேனையை நிறுத்திவிட்டு, "எப்ப அம்மா காலமானவர்?" என்று கேட்டார்.

எண்பத்திநாலிலை என்றேன்.

அற்புதராணி