பாய் பெயரில் ஒரு பாட்டில்

பாய்,

இன்று காலை என் மனைவி பீரோ சாவியைக் கையில் கொடுத்து, மேல்தட்டில் இருக்கும் குவாட்டர் பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நீங்கள்கூட நம்பமாட்டீர்கள். எடுத்து மேசைமேல் வைத்தேன். மூடி திறக்காதது. கழுத்தில் கப்பல்காரர்கள் கட்டிய மஞ்சள் அட்டை இன்னும் தொங்குகிறது. அதில் அறை எண், உங்கள் பெயர், கீழே உங்கள் கையெழுத்து. மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதரின் பெயரில், குடியை விட்டுப் பதினோரு வருஷமான என் வீட்டில், முழுசாக ஒரு பாட்டில். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. பாட்டிலை எதிரே வைத்துக்கொண்டே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், எங்கள் கல்யாண நாளுக்கென்று சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்தாளே, அதற்கு வருஷம் மூன்று ஆகிறது. பாய் வந்தால்தான் நான் வருவேன் என்று அடம்பிடித்தேன். லாரி ஓட்டிய முப்பது வருஷமும் என் வண்டியின் ரேடியேட்டரை உங்கள் பட்டறையைத் தவிர வேறு யாரும் பிரித்ததில்லை. எங்கே வண்டி கொதித்து நின்றாலும் போனில் உங்கள் குரல் கேட்டால்தான் எனக்குச் சூடு இறங்கும். கடல் நடுவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். கப்பலுக்கும் ரேடியேட்டர் இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று உங்கள் வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

லாரிக்காரன் புத்தி எங்கே போகும்? புது வண்டி எடுத்தால் தொப்பூர் கணவாயில் முனியப்பனிடம் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து, முன்சக்கரத்தடியில் ஒரு குவாட்டர் ஊற்றாமல் நான் நகர்ந்ததே இல்லை. குடித்த காலத்தில் சாமிக்குப் பாதி, எனக்குப் பாதி. விட்ட பிறகு அதற்கும் வழியில்லாமல் போனது. சாமிக்கு என்றாலும் சரி, இனி இந்தக் கை பாட்டிலைத் தொட்டால் மகள் வீட்டோடு போய்விடுவேன் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள். லாரி ஓனரே வந்து ஊற்றிவிட்டுப் போவார், நான் தள்ளி நின்று கும்பிடுவேன்.

கப்பலும் வண்டிதானே, அதிலும் ரோடு இல்லாத வண்டி, சும்மா எப்படி ஏறுவது என்று எனக்குள் ஒரே குடைச்சல். எட்டு வருஷம் கழித்துக் கடைக்குப் போய் ஒரு குவாட்டர் வாங்கினேன். என் பெட்டியை அவள்தான் அடுக்குவாள் என்பதால், பாட்டிலைத் துண்டில் சுற்றி, நாலு பேருக்கும் பொதுவான தீனிப் பையில், அக்கா சுட்ட முறுக்கு டப்பாவுக்கு அடியில் செருகினேன். அந்தப் பையை நீங்கள் தோளில் மாட்டிக்கொள்வீர்கள் என்று நான் யோசிக்கவில்லை.

துறைமுகத்தில் ஸ்கேனருக்குள் போன பை தனியாக நகர்த்தி வைக்கப்பட்டது. சீருடை போட்ட ஒரு பெண் முறுக்கு டப்பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துண்டைப் பிரித்து, பாட்டிலை மேசைமேல் நிறுத்தினாள். வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதியில்லை, நாங்கள் எடுத்து வைத்திருந்து இறங்கும்போது திருப்பித் தருவோம் என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள். இது யாருடையது என்று கேட்டாள். அவ்வளவுதான். என் மனைவி பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் வாசலில் என் லாரிச் சத்தம் கேட்டதும் அவளுக்கு ஒரு முகம் வரும். அந்த முகம் திரும்பி வந்திருந்தது.

"என்னுதுங்க" என்றீர்கள்.

அந்தப் பெண் உங்கள் தொப்பியை ஒரு தடவை பார்த்தாள், தாடியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அட்டையை நீட்டினாள். நீங்கள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டீர்கள். அக்கா உருதுவில் ஏதோ கேட்டார்கள், நீங்களும் மெதுவாக ஏதோ சொன்னீர்கள். என்ன கேட்டார்கள் என்று பிறகு நான் விசாரித்தபோது, உன்னுதா என்று கேட்டாள், டிரைவருது என்று சொன்னேன் என்றீர்கள். ஆக, ஐந்து நிமிஷத்துக்குள் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டியவளுக்கு மட்டும் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனால் மாடிக்கு ஒரு பார். விதவிதமாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஓட்டலில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று எழுதி வைப்பானே, அதே கதைதான் என்று சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொய்தான். அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன். உன் சம்சாரத்துகிட்ட நீ பேசிக்கோ டிரைவரே."

சாயங்காலம் கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றாமல் கிளம்பிவிட்டோமே என்று கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு காகிதக் கப்பில் டீயோடு வந்தீர்கள். லாரிக்காரன் சாமி டீ குடிக்காமலா இருப்பார், பாதியை ஊற்று, பாதியைக் குடி, அந்தப் பழக்கம் உனக்கு ஏற்கெனவே உண்டே என்றீர்கள். முனியப்பனை நினைத்துக் கடலில் ஊற்றினேன். காற்று அதை அப்படியே தூக்கி நம் இரண்டு பேர் சட்டையிலும் அடித்தது. அவர் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார் என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் பேச வேண்டியதை நான் பேசவில்லை. அவள் எப்போதும்போல் இருந்தாள். அக்காவோடு கடல் பார்த்தாள், ஐஸ்கிரீம் சாப்பிட்டாள், என் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு வேளையும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவீர்கள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

இறங்கும் நாள் காலையில் எடுத்து வைத்த பொருட்களைக் கொடுக்கும் இடத்திலிருந்து அறை எண்ணைச் சொல்லி, உங்கள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் நீங்கள் எழுந்தீர்கள். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர், என் பாட்டிலை வாங்கிக்கொள்ள எழுந்து போகிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவளிடம் திரும்பிச் சொல்லிவிட்டேன். என்னுடையது, முனியப்பனுக்கு வாங்கியது, குடிக்க இல்லை என்றேன்.

"தெரியும்" என்றாள். "அண்ணன் என்னுதுன்னப்பவே தெரியும். மூணு நாளைக்கு ஒத்தக் குவாட்டர் எடுத்துட்டு வந்தப்பவே சாமிக்குன்னும் தெரியும். நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன். சொல்லலீன்னா இப்பிடியே மக வூட்டுக்குப் போயிருப்பேன்."

அப்போதுதான் கவனித்தேன். அவள் துணிகள் எங்கள் பெட்டியில் இல்லை. தனியாக ஒரு பையில், அவள் காலடியில் இருந்தன.

கையெழுத்துப் போட்டவரிடம்தான் தருவோம் என்றதால் கடைசியில் நீங்களேதான் வாங்க வேண்டியிருந்தது. செத்த எலியை வாலில் தூக்குவதுபோல் அந்தப் பாட்டிலைக் கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். சாமி சொத்து, பத்திரம் என்று சொல்லி என் மனைவியிடம் கொடுத்தீர்கள். அவள் அதைத் தன் தனிப் பையில் வைத்தாள். பிறகு அந்தப் பையை எடுத்து என்னிடம் தூக்கிக்கொள்ளக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த லோடும் தூக்கியதில்லை பாய்.

போன மழைக்காலத்தில் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. உங்களைத் தூக்கிப் போனபோது நானும் தோள் கொடுத்தேன். உங்கள் போன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. குறை ஒன்றும் இல்லாமல்தான் இருக்கிறேன், ஆனாலும் வண்டிச் சத்தம் எங்காவது மாறிக் கேட்டால் கை போனைத் தேடுகிறது. அந்தக் கப்பலுக்குப் பிறகு எதையும் நான் மறுநாளுக்குத் தள்ளுவதில்லை. தப்போ சரியோ, அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் திட்டு வாங்குகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

நாளை மகள் புதுக் கார் எடுத்துக்கொண்டு வருகிறாள். நேரே தொப்பூருக்குப் போகிறோம். அதற்காகத்தான் காலையில் பீரோ சாவி என் கைக்கு வந்தது. சாமிக்கு வாங்கியதைச் சாமிக்கே ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னை நம்பி ஒரு பாட்டிலைக் கையில் கொடுக்கிறாள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

ஆனால் பாட்டிலைத் திரும்பவும் மேல்தட்டிலேயே வைத்துவிட்டேன். அட்டையில் உங்கள் கையெழுத்துத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். நாளைக் காலையில் ஃபிளாஸ்க் நிறைய டீ போட்டுக் கொடு என்று அவளிடம் கேட்டேன்.

"ஏங்க, பாட்டிலு என்னாச்சு?" என்றாள்.

"அது பாயோடது" என்றேன்.

அவள் சாவியை வாங்கி, பீரோவைப் பூட்டினாள். ஃபிளாஸ்கைக் கழுவி இப்போதே கவிழ்த்து வைத்திருக்கிறாள்.